தோட்டத்துல மரப்பட்டைப் பாதை: வருஷக்கணக்கா நடந்து பார்த்த அனுபவம்

லண்டன்ல ஹாரோ பக்கம் தோட்டம் வச்சிருக்கவங்களுக்குத் தெரியும், இங்க பூரா களிமண்ணு, அக்டோபர் மழை ஆரம்பிச்சா மார்ச் வரைக்கும் கால் வச்சா ஷூவோட உள்ள இழுக்கும். கல் பாவ செலவு ஜாஸ்தி, சரளைக்கல் அப்படியே கொட்டினா கொஞ்சம் கொஞ்சமா சேத்துக்குள்ள முங்கிடும். நம்ம வீட்ல மரப்பட்டைதான், யார் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

வாங்கறதுக்கு முன்னாடி பட்டை வேற உட்சிப் வேறனு பாத்துக்கங்க. பட்டைங்கறது பெரும்பாலும் பைன் மாதிரி மரத்தோட மேல்தோல், மெதுவா மக்கும், நடக்க மெத்துனு இருக்கும். உட்சிப் மரம் வெட்டறவங்க கிளைய இலையோட மெஷின்ல விட்டு அரைக்கறது, கேட்டா சில பேர் சும்மாவே தருவாங்க, ஆனா சீக்கிரம் மக்கிடும். நான் காய்கறிப் பாத்திக்கு நடுவுல உட்சிப்பும் வீட்டை ஒட்டி பட்டையும் போட்டிருக்கேன். அளவு கணக்கு ஈஸி, 10 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 10 செ.மீ. கனம்னா 1000 லிட்டர் வேணும், பை பெருசா தெரியுதுனு நம்பாம லிட்டர் பாத்து வாங்குங்க.

இப்ப முக்கியமான விஷயம், தண்ணி. களிமண்ல ஆழமா பள்ளம் வெட்டி அதுல பட்டைய கொட்டினா அது பாதை இல்ல, குட்டை, அடியில தண்ணி தேங்கி ஒரே வருஷத்துல கூழாயிடும். புல்லை மட்டும் சீவிட்டு, நடுவுல லேசா மேடு வச்சு, ரெண்டு பக்கமும் பலகைய முளை அடிச்சு நிறுத்தி, அங்கங்க தண்ணி வெளிய போக இடைவெளி விடுங்க. தண்ணி இறங்கற மாதிரி தோட்டத்துக்குனு விக்கற துணிய அடியில விரிச்சா பட்டை மண்ணோட கலக்காது. கரும்பறவை ஒண்ணு தினமும் காலைல வந்து புழுவுக்காக பட்டைய ரெண்டு பக்கமும் வாரி எறியும், பலகை கொஞ்சம் உயரமா இருந்தா பாதி உள்ளயே விழும், மிச்சத்தை ரேக்கால இழுத்து விட்டா போதும்.

மரங்களுக்கு நடுவுல போடறதா இருந்தா கதையே வேற. அங்க துணியும் வேணாம் மண்வெட்டியும் வேணாம், ஏன்னா மெல்லிய வேர் எல்லாம் மேல் மண்லதான் ஓடுது. விழுந்த கட்டைய ஓரத்துக்கு வச்சு நேரா மேல பரப்புங்க, அடிமரத்தை ஒட்டி மட்டும் குவிக்காதீங்க, அந்த மரத்தோட சொந்தப் பட்டை ஈரத்துல அழுகும். சரிவுல குறுக்க கட்டை போடலைனா ஒரு நல்ல மழைக்கு எல்லாம் கீழ போயிடும்.

பராமரிப்புனா இலையுதிர்காலத்துல இலைய வாரணும், இல்லாட்டி ஊறி வழுக்கும். வசந்தத்துல மேல ஒரு ரெண்டு மூணு செ.மீ. புதுசு போடணும். அதுக்கு முன்னாடி அடியில கை விட்டுப் பாருங்க, கருப்பா பொலபொலனு, வெள்ளை நூல் நூலா பூஞ்சை ஓடி, மழை பெஞ்ச காட்டு வாசம் அடிக்கும், எனக்கு அந்தப் பாதையிலயே ரொம்பப் பிடிச்சது அதுதான். அந்த மக்கினதை அள்ளி செடிக்குப் போடலாம். புதுப் பட்டைய மண்ணுக்குள்ள கலந்துடாதீங்க, மக்கும்போது நைட்ரஜனை இழுத்துக்கும். மழைக்கப்புறம் மஞ்சளா நுரை மாதிரி ஒண்ணு வரும், பயப்படாதீங்க, தானா காஞ்சிடும்.

வீல்சேர், வாக்கர் வச்சு நடக்கறவங்க வீட்ல இருந்தா இது வேணாம், சக்கரம் புதையும். அவங்க போற வழிக்கு மட்டும் எவ்வளவு செலவானாலும் கல்லே போட்டுடுங்க.