ஒன்பது அங்குலக் குத்துவிளக்கு: ஓராண்டு மாலைகளுக்குப் பின்

சென்ற ஆண்டு தைப்பூசத்துக்கு முந்தின வாரம், சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் ஒரு பாத்திரக் கடையில் 88 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்து, 9 அங்குல உயரமுள்ள பித்தளைக் குத்துவிளக்கு ஒன்றை வாங்கினேன். பூசை மாடத்துக்கு அழகு சேர்ப்பதற்காக அதை வாங்கவில்லை. நாள்தோறும் மாலையில் முக்கால் மணி நேரமாவது சும்மா இருக்கப் பழக வேண்டும் என்ற நெடுநாள் ஆசைக்காகவே வாங்கினேன். அந்த ஆசைக்கு இந்த விளக்கு எவ்வளவு துணைநின்றது என்பதைக் கொண்டே இதை மதிப்பிடுகிறேன்.

இதற்கு முன் இரண்டு ஆண்டுகள் கைப்பேசியில் ஒரு தியானச் செயலியைப் பயன்படுத்தினேன். குரலும் இசையும் இனிமையாகவே இருந்தன. ஆனால் கண்ணை மூடச் சொன்ன அதே கருவியில் அலுவலகச் செய்திகளும் வந்து காத்துக்கிடந்ததால், தியானம் முடிந்ததற்கான மணி ஒலித்த மறுநொடியே என் விரல் அவற்றைத் திறந்துவிடும். அமைதி வாசற்படியைத் தாண்டுவதற்குள் கலைந்துபோகும்.

விளக்கு நாச்சியார்கோவில் வார்ப்பு என்று கடைக்காரர் சொன்னார். கும்பகோணத்துக்கு அருகிலுள்ள அந்த ஊரில் காவிரி வண்டல் மண்ணில் அச்செடுத்து, அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் அமரும் அன்னம் எனப் பாகம் பாகமாக வார்த்து, கடைந்து, திருகிப் பூட்டுகிறார்கள். குறை வந்ததும் அந்தப் பூட்டில்தான். முதலில் வாங்கிய விளக்கில் தட்டும் தண்டும் சேரும் இடத்தில் எண்ணெய் கசிந்து, காலையில் பார்த்தால் அடிப்பாகத்தைச் சுற்றி ஒரு வளையமாகத் தேங்கியிருந்தது. எல்லா விளக்கும் அப்படித்தான் என்று முதலில் சொன்னவர், இரண்டாம் முறை போனபோது மாற்றிக் கொடுத்தார். மாற்றிக் கொடுத்ததில் இன்றுவரை ஒரு சொட்டும் கசியவில்லை. ஆகவே, வாங்குமுன் தட்டில் கொஞ்சம் நீர் ஊற்றி, விளக்கை ஒரு செய்தித்தாளின் மேல் ஐந்து நிமிடம் நிறுத்திப் பாருங்கள். நல்ல கடைக்காரர் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

சிங்கப்பூரில் ஆண்டு முழுதும் ஏழு மணியை ஒட்டியே பொழுது சாய்வதால், நேரத்தைத் தேட வேண்டிய வேலை இல்லை. கைகால் கழுவி, பஞ்சை உள்ளங்கையில் உருட்டித் திரித்து, இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய் ஊற்றி ஒற்றைத் திரியை ஏற்றினால், ஏறத்தாழ முக்கால் மணி நேரம் எரிகிறது. இந்த விளக்கின் பெரிய பலம் இதுவே என்று நினைக்கிறேன்: உட்கார வேண்டிய நேரத்தை நான் முடிவு செய்வதில்லை, ஊற்றிய எண்ணெய் முடிவு செய்கிறது. முதல் சில வாரங்கள் எண்ணெய் எவ்வளவு மீதி என்று எட்டி எட்டிப் பார்த்தேன். நான்காம் மாதத்தில் ஒரு நாள், அப்படிப் பார்க்காமலே சுடர் சிறுத்துவிட்டதைக் கண்டு எனக்கே வியப்பாக இருந்தது. மனம் அடங்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அது அலைந்து திரும்பும்போதெல்லாம் வந்து சேர ஓர் இடம் இருக்கிறது, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலையில் துலக்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு வாரம் விட்டால் போதும், தட்டின் உள்விளிம்பில் பச்சைக் களிம்பு படர்ந்துவிடும். ஊறவைத்த புளியைச் சக்கையோடு தேய்த்தால் களிம்பு கரைந்து, பித்தளை முதலில் மங்கலான இளஞ்சிவப்பாகி, கழுவித் துடைத்துத் திருநீற்றால் மெருகேற்றியதும் பொன்னிறத்துக்குத் திரும்புகிறது. செம்போடு களிம்பு ஒட்டியிருப்பதைப் போல உயிரோடு ஆணவம் தொன்றுதொட்டே ஒட்டியிருக்கிறது என்று சைவ சித்தாந்தம் சொல்வதை வகுப்பில் பலமுறை கேட்டிருக்கிறேன். அன்னத்தின் கழுத்து மடிப்பில் பழைய பல் துலக்கும் தூரிகையை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமைதான் அந்த உவமை எனக்கு விளங்கியது. அந்த வாரம் அலுவலகத்தில் ஓர் இளைய ஊழியரிடம் நான் பேசிய விதமும் அப்போது நினைவுக்கு வந்தது. திங்கட்கிழமை அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

என் பாட்டி கடலூர்ப் பக்கத்தவர். விளக்கின் முன் உட்காருவதற்கு வேறெந்த மந்திரமும் வேண்டாம் என்பார். வள்ளலார் அதே கடலூர்ப் பக்கத்து வடலூரில் 1872இல் திறந்த சத்திய ஞான சபையில், தைப்பூசத்தன்று ஏழு திரைகளும் விலகியபின் அன்பர்கள் காண்பது சோதியைத்தான். மறு ஆண்டு, அருகிலுள்ள மேட்டுக்குப்பத்தில் வள்ளலார் தம் அறையில் இருந்த விளக்கை வெளியே எடுத்து வைத்து, அதையே வழிபடச் சொன்னார். பாட்டி சொன்னதன் வேர் அங்கே இருக்கிறது என்பது இந்த ஓராண்டில்தான் எனக்குப் புரிந்தது.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் சில எச்சரிக்கைகள் தேவை. புதிய வீடுகளில் 2018 ஜூன் முதல் தீ எச்சரிக்கைக் கருவி கட்டாயம். திரியை நீளமாக இழுத்துவிட்ட ஒரு மாலையில் புகை எழும்பி, எங்கள் வீட்டுக் கருவி அலறிவிட்டது. திரி நுனி ஒரு நெல்மணி அளவுக்கு மேல் தட்டுக்கு வெளியே நீளக் கூடாது. மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். திரைச்சீலைக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. விளக்கை எரியவிட்டுக் கடைக்குப் போய்வரும் வழக்கம் உள்ளவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவர்களுக்கு மின்விளக்கே ஏற்றது.

ஆறு அங்குல விளக்கு 40 வெள்ளிக்குள் கிடைக்கிறது. ஆனால் தட்டு ஆழமில்லாததால் கால் மணி நேரத்தில் இன்னொரு கரண்டி எண்ணெய்க்கு எழ வேண்டியிருக்கும். ஒன்பது அங்குலமே சரியான அளவு. தரையில் பாய் விரித்து உட்கார்ந்தால், ஒரு சிறு மணையின் மேல் வைத்த சுடர் கண்முன்னே நிற்கிறது. அது மலையேறும் தறுவாயில் ஒரு கணம் நீலமாகி நிமிரும். அதன்பின் சிறிது நேரம் எண்ணெய் மணத்தோடு இருட்டிலேயே உட்கார்ந்திருப்பேன்.