சத்துமாவு விற்பவருக்கு எது தோது: வாட்ஸ்அப் கம்யூனிட்டியா, டெலிகிராமா?

புதிதாக ஒரு பொருளை ஆன்லைனில் இறக்குகிறவர்கள் முதலில் லேபிள் அடிப்பார்கள், படம் எடுப்பார்கள், இன்ஸ்டாகிராமில் பக்கம் தொடங்குவார்கள். வாங்குகிறவர்கள் கூடிப் பேச ஓர் இடம் வேண்டும் என்பது முதல் புகார் வந்த பிறகுதான் நினைவுக்கு வரும். வீட்டிலிருந்து சத்துமாவு, மரச்செக்கு எண்ணெய், சோப்பு விற்பவர்களுக்குக் காசில்லாமல் கிடைக்கும் இடங்களில் இந்த இரண்டும்தான் முக்கியம். சத்துமாவை உதாரணமாக வைத்தே இரண்டையும் எடை போடலாம்.

2022 நவம்பரில் எல்லோருக்கும் வந்த வாட்ஸ்அப் கம்யூனிட்டியின் அமைப்பு எளிது. மேலே ஓர் அறிவிப்புக் குழு, அதில் அட்மின் மட்டுமே பதிவு போடலாம். அதன் கீழே பேசுவதற்குத் தனித்தனிக் குழுக்கள், ஒவ்வொன்றிலும் 1,024 பேர் வரை. இதன் பெரிய பலம், ஆட்கள் ஏற்கெனவே அங்கே இருப்பதுதான். பேரனுக்குக் கஞ்சி காய்ச்சும் பாட்டியை வேறு ஆப் இறக்கச் சொன்னால் அதோடு போய்விடுவார். வாட்ஸ்அப்பில் என்றால் வாய்ஸ் மெசேஜே அனுப்புவார்.

பெரிய குறை போன் நம்பர். அறிவிப்புக் குழுவில் ஒருவர் நம்பர் இன்னொருவருக்குத் தெரியாது. ஆனால் கீழே உள்ள பேச்சுக் குழுவில் சேர்ந்ததும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். குழுவில் நுழைந்த இன்னொரு வியாபாரி மொத்த நம்பரையும் எடுத்துக்கொண்டு தன் விளம்பரத்தை அனுப்புவது இப்படித்தான். நம்பர் வெளியே போவதை விரும்பாத பெண்கள் சத்தமில்லாமல் வெளியேறுவதும் இதனால்தான். அழைப்பு லிங்க்கோடு ‘உங்கள் நம்பர் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியும்’ என்று முதலிலேயே எழுதிவிடுங்கள். அட்மின் ஒப்புதல் இல்லாமல் யாரும் சேர முடியாதபடி செட்டிங்கை மாற்றுங்கள். லேபிளில் அச்சான நம்பரை இதற்குப் பயன்படுத்தவே வேண்டாம். கேட்காமல் கூட்டமாகச் சேர்த்தால் சிலர் ரிப்போர்ட் அடிப்பார்கள், நம்பர் முடங்கினால் ஆர்டரும் நின்றுபோகும்.

ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் லிஸ்ட் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு லிஸ்டில் 256 பேர்தான், அதிலும் உங்கள் நம்பரைச் சேமித்து வைத்தவருக்கு மட்டுமே செய்தி போகும். ‘அனுப்பினேன், ஒருத்தரும் பார்க்கவில்லை’ என்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

விற்பனைக்கு ஆறு வாரம் முன்பு 30 பேர் கொண்ட சோதனைக் குழு ஒன்று போதும். ஆளுக்கு 100 கிராம் பாக்கெட், ஒவ்வொன்றிலும் அரைத்த தேதியும் பேட்ச் எண்ணும் (ஒரே தடவையில் அரைத்த மாவுக்கெல்லாம் ஒரே எண்). வேர்க்கடலை, முந்திரி, பாதாம் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் உண்டு. அதனால் சேர்மானப் பட்டியலைப் பாக்கெட் போய்ச் சேரும் முன்பே குழுவின் உச்சியில் நிற்கும்படி ‘பின்’ (pin) செய்ய வேண்டும். ‘நல்லா இருக்கா?’ என்று கேட்டால் கட்டைவிரல்தான் பதிலாக வரும். ‘ஒரு டம்ளர் தண்ணீருக்கு எத்தனை ஸ்பூன்? கட்டி தட்டியதா? பிள்ளை பாதியில் வைத்துவிட்டதா?’ என்று கேளுங்கள், நாளைக்கு ஒரு கேள்வி வீதம்.

பதில்களைப் பேட்ச் எண்ணோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் குழு வைத்ததன் பலன் கையில் கிடைக்கும். கட்டி தட்டுகிறது என்ற புகார் எல்லாப் பேட்சிலும் வந்தால் மாவில் குறை இல்லை. கொதிக்கும் தண்ணீரில் மாவைக் கொட்டுகிறார்கள்; வெளிப்புறம் உடனே வெந்து ஒட்டிக்கொள்ள, உள்ளே மாவு உலர்ந்தே நிற்கிறது. ‘பச்சைத் தண்ணீரில் கரைத்த பிறகு அடுப்பில் ஏற்றவும்’ என்று லேபிளில் ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது. சிக்கு வாடை என்ற புகார் ஒரே பேட்சிலிருந்து வந்தால் கதை வேறு. அந்த முறை போட்ட வேர்க்கடலையோ முந்திரியோ பழசாக இருந்திருக்கலாம். ஒரே பேட்சில் வண்டு என்றால், அரைத்த மாவு சூடு ஆறும் முன்பே பாக்கெட் போட்டு ஈரம் கோத்ததா, தானியத்தைச் சரியாக வறுத்தார்களா என்று பாருங்கள்.

வாட்ஸ்அப் வாக்கெடுப்பில் 12 விருப்பம் வரை தரலாம். ஆனால் யார் எதற்கு வாக்களித்தார் என்பது தெரியும். இலவசமாக வாங்கிக்கொண்டவர் எல்லோர் முன்னும் ‘பிடிக்கவில்லை’யை அழுத்தத் தயங்குவார். ருசி பற்றிய கேள்வியைத் தனிச் செய்தியில் கேட்பதே மேல். டெலிகிராமில் பெயர் தெரியாத வாக்கெடுப்பு உண்டு, இந்த விஷயத்தில் அதுதான் நேர்மையான பதிலைத் தரும்.

டெலிகிராமின் மற்ற பலமெல்லாம் விற்பனை தொடங்கிய பிறகுதான் தெரியும். ஒரு குழுவில் 2 லட்சம் பேர் வரை சேரலாம், போன் நம்பரை மறைத்து வைக்கலாம். புதிதாக வந்தவரும் பழைய பேச்சைப் படிக்கும்படி வைக்கலாம் என்பதால் ஒரே கேள்வி நூறு முறை வராது. குழுவுக்குள் ‘செய்முறை’, ‘டெலிவரி’, ‘புகார்’ என்று தலைப்பு பிரித்துவிட்டால், போன மாதப் புகாரைத் தேடி எடுக்க அரை நிமிடம் போதும். வாட்ஸ்அப்பில் அதே புகார் நூறு ‘காலை வணக்கம்’ படங்களுக்கு அடியில் கிடக்கும். இன்ஸ்டாகிராமுக்கு ஒன்று, பாக்கெட்டில் ஒட்டும் கியூஆருக்கு ஒன்று என அழைப்பு லிங்க்கைத் தனித்தனியாக உருவாக்கினால், எதன் வழியே எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கும் கிடைக்கும். சண்டை சூடு பிடித்தால் ஸ்லோ மோடு போடலாம்: ஒருவர் அடுத்த செய்தி போடச் சில விநாடி முதல் 1 மணி நேரம் வரை காத்திருக்க வேண்டும்.

டெலிகிராமில் பயப்பட வேண்டியது போலி அட்மின். உங்கள் பெயரையும் படத்தையும் போட்டுக்கொண்டு ஒருவன் உறுப்பினர்களுக்குத் தனிச் செய்தியில் ‘ஆஃபர் இருக்கு, ஜிபே பண்ணுங்க’ என்பான். ‘நாங்கள் முதலில் தனிச் செய்தி அனுப்பிப் பணம் கேட்க மாட்டோம்’ என்ற வரியும், பணம் செலுத்தும் ஒரே யூபிஐ ஐடியும், 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு உரிம) எண்ணும் குழுவின் உச்சியில் பின் செய்யப்பட்டிருக்க வேண்டும். இதைச் செய்ய நேரமில்லை என்றால் டெலிகிராம் பக்கமே போகாதீர்கள்.

எங்கள் தீர்ப்பு: சோதனைக்கும் முதல் சில நூறு வாடிக்கையாளர்களுக்கும் வாட்ஸ்அப். மாடித்தோட்டக் கிட், ஃபில்டர் காபிப் பொடி மாதிரி வாங்கிய பிறகும் கேள்வி வந்துகொண்டே இருக்கும் பொருளுக்கு டெலிகிராம். விற்பது மொபைல் ஆப் என்றால் கேம் ஆடுபவர்களிடம் பிரபலமான டிஸ்கார்ட் என்ற அரட்டை ஆப்பைப் பாருங்கள், மாவு வாங்குகிறவர் அங்கே வரமாட்டார்.

எதை எடுத்தாலும் அறிவிப்பு வாரத்துக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம், மீறினால் மியூட் செய்துவிடுவார்கள். சோதனைக் குழுவின் 30 பேரைப் பெரிய கூட்டத்தில் கரைக்காமல் தனியாகவே வைத்திருங்கள், அடுத்த பொருளுக்கு அவர்கள்தான் முதல் நாக்கு. வண்டு படம் போட்டுக் கோபமாக எழுதுகிறவரின் பதிவை அழிக்க வேண்டாம். அதன் கீழேயே பேட்ச் எண்ணைக் கேட்டு, மாற்றுப் பாக்கெட் அனுப்பிய தேதியையும் அங்கேயே எழுதுங்கள். வாய்ஸ் மெசேஜில் வரும் புகாரை ஒரு வரியில் தட்டச்சு செய்து போட்டால்தான் பிறகு தேடக் கிடைக்கும். இரண்டாவது அட்மின் ஒருவரை வேறு நம்பரில் இன்றே சேர்த்துவிடுங்கள், போன் தொலைந்த நாளில் லிங்க்கை மாற்றவும் பதில் சொல்லவும் ஆள் வேண்டும்.