வைஃபை பழுதுக்காக லேப்டாப்பைக் கடையில் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தை ஒட்டியுள்ள ஒரு சர்வீஸ் கடையில், வைஃபை வேலை செய்யாத லேப்டாப்பைக் கொடுத்து 5,500 ரூபாய் செலவழித்தேன். பழுது தீரவில்லை, போதாக்குறைக்கு, கேட்காத மென்பொருள்கள் சிலவும் கூடவே வந்து சேர்ந்தன. கடையின் பெயரை எழுதப்போவதில்லை. செய்த விதத்தை மட்டும் எழுதுகிறேன்.

வைஃபை குறியே திரையிலிருந்து மறைந்திருந்தது. கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டின் பெயர் மீது மஞ்சள் முக்கோணமும், சாதனம் தொடங்கவில்லை என்று சொல்லும் 'கோட் 10' பிழையும் இருந்தன. கடைக்காரர் லேப்டாப்பைத் திறந்துகூடப் பார்க்காமல், "சார், போர்டுல வைஃபை செக்‌ஷன் போயிடுச்சு, சிப் லெவல் சர்வீஸ்தான் பண்ணணும்" என்றார். அதாவது மதர்போர்டில் உள்ள சிப்பைப் பற்றவைத்துச் சரிசெய்யும் வேலை. அதற்கு 4,500 ரூபாய், விண்டோஸ் புதிதாகப் போட 1,000 ரூபாய். பில் கேட்டதற்கு, ஜிஎஸ்டி எண்ணோ மாற்றிய உதிரிபாகத்தின் விவரமோ இல்லாத எஸ்டிமேட் சீட்டு ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார்.

சில நாட்களில் அதே பிழை திரும்பியது. பிறகு தயாரிப்பு நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சேவை மையத்தில் என் கண்ணெதிரே பிரித்துப் பார்த்தபோது, போர்டில் பற்றவைப்பு வேலை நடந்த தடயமே இல்லை. சில மெல்லிய மாடல்களில் வைஃபை சிப்பைப் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள் என்பது உண்மைதான். ஆனால் என்னுடையதில் அது ஒரே திருகில் நிற்கும், இரண்டு ஆன்டெனா ஒயர்கள் செருகப்பட்ட, தனியாகக் கழற்றி மாற்றக்கூடிய சிறு கார்டு. அங்கிருந்த பொறியாளர் பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, பவர் பட்டனைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்து எஞ்சிய மின்சாரத்தை வடியவிட்டு, மீண்டும் இணைத்து, லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து அந்த மாடலுக்குரிய டிரைவரை, அதாவது வைஃபை கார்டை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருளை, நிறுவினார். வைஃபை வந்துவிட்டது.

என்னை இதைவிட அதிகம் கலங்கடித்தது மென்பொருள் விஷயம். என் லேப்டாப் விண்டோஸ் ஹோம் உரிமத்துடன் வந்தது. அந்த உரிமத்தின் திறவுகோல் போர்டிலேயே பதிந்திருப்பதால், அதே பதிப்பை மீண்டும் நிறுவி இணையத்தில் இணைத்தாலே அது தானாகச் செயல்பட்டுவிடும், தனியாக எதையும் வாங்க வேண்டியதில்லை. கடையில் போட்டுக்கொடுத்ததோ, உரிமம் இல்லாமலேயே விண்டோஸைச் செயல்படவைக்கும் திருட்டு ஆக்டிவேட்டர் வழியாக இயங்கும் ப்ரோ பதிப்பு. செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்தால், 'உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை' மூலம் செயல்படுத்தப்பட்டது என்ற பொருளில் எழுதியிருந்தது. வீட்டு லேப்டாப்புக்கு ஏது நிறுவனம்? அந்த ஆக்டிவேட்டரைப் பிடித்துவிடக் கூடாது என்பதற்காக, விண்டோஸிலேயே உள்ள வைரஸ் தடுப்பு மென்பொருளான டிஃபெண்டரின் விலக்குப் பட்டியலில் சி டிரைவ் முழுவதையுமே சேர்த்திருந்தார்கள். அதாவது, அந்த டிரைவில் எந்த வைரஸ் வந்து உட்கார்ந்தாலும் டிஃபெண்டர் கண்டுகொள்ளாது. போதாததற்கு, பணம் கட்டினால்தான் சரிசெய்வேன் என்று அடிக்கடி எட்டிப்பார்க்கும் டிரைவர் அப்டேட்டர் ஒன்றும், பிரவுசரின் தேடுபொறியை மாற்றிவிட்ட எக்ஸ்டென்ஷன் ஒன்றும் இருந்தன.

இவற்றை ஒவ்வொன்றாக நீக்கிவிட்டு அந்த லேப்டாப்பை நம்பிக்கொண்டிருக்க முடியாது என்பது என் கருத்து. ஆகவே, வேறொரு கணினியில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே நிறுவல் பென்டிரைவ் தயாரித்து, என் கோப்புகளைத் தனியே எடுத்து வைத்து, டிரைவை முழுதாக அழித்து ஹோம் பதிப்பை நிறுவினேன். அந்த இடைக்காலத்தில் நுழைந்திருந்த மின்னஞ்சல், வங்கிக் கணக்குகளின் கடவுச்சொற்களையும் மாற்றினேன்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "போர்டு வேலைக்கெல்லாம் கேரண்டி கிடையாது சார்" என்று மட்டும் பதில் வந்தது. எஸ்டிமேட் சீட்டு, யுபிஐ ரசீது, சேவை மையத்தின் அறிக்கை மூன்றையும் வைத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்திருக்கிறேன். நீங்கள் லேப்டாப்பைக் கொடுப்பதாக இருந்தால், எந்தப் பாகம் பழுது, எதை மாற்றப்போகிறார்கள், விண்டோஸ் எந்தப் பதிப்பு என்பவற்றை முன்கூட்டியே சீட்டில் எழுதி வாங்குங்கள்; திரும்ப வாங்கும்போது கடையிலேயே ஆக்டிவேஷன் பக்கத்தையும் டிஃபெண்டரின் விலக்குப் பட்டியலையும் திறந்து பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.