ஸ்லாட்டர்ஹவுஸ் ஃபைவ் ஆடியோபுக்: ஈத்தன் ஹாக் குரலா, ஜேம்ஸ் ஃப்ராங்கோ குரலா?

அமெரிக்க எழுத்தாளர் கர்ட் வானகட்டோட போர் நாவல் ஸ்லாட்டர்ஹவுஸ் ஃபைவுக்கு ஆடியோபுக் தேடினா ரெண்டு சினிமா நடிகருங்க பேரு முன்னாடி வந்து நிக்கும். ஈத்தன் ஹாக் படிச்சது 2003ல வந்துச்சு, கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். 2015ல ஆடியோபுக் விக்கிற ஆடிபிள் கம்பெனிக்காக ஜேம்ஸ் ஃப்ராங்கோ படிச்சது அஞ்சு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. ரெண்டுமே சுருக்காத முழுப் புத்தகம்தான், ஆனா கேட்டவங்க சொல்றதைப் படிச்சா ரெண்டு வேற வேற நாவலைப் பத்திப் பேசுறாங்களோன்னு தோணும், அவ்வளவு அடிச்சுக்கிறாங்க.

முதல்ல ஹாக். மனுஷன் பெரும்பாலும் கிசுகிசுன்னே படிச்சிருக்காரு. பாதிப்பேரால தாங்க முடியாம போனது இதுதான். கார்ல போட்டா எஞ்சின் சத்தத்துல வார்த்தை காணாமப் போகுது, சவுண்டைக் கூட்டினா மூச்சுச் சத்தமும் சேர்ந்து காதுக்குள்ள வருது, ராத்திரி படுத்துக்கிட்டுக் கேட்டா தூக்கம் வந்துடுது, இப்படித்தான் புகார். இங்கிலீஷைப் பள்ளிக்கூடத்துல படிச்சுக் கத்துக்கிட்ட நமக்கு இன்னும் கஷ்டம், பஸ்ல எல்லாம் வாய்ப்பே இல்ல, நல்ல ஹெட்போனும் அமைதியான ரூமும் வேணும். இன்னொரு பாதிப்பேர் இதே குரலுக்காகவே திரும்பத் திரும்பக் கேக்குறாங்க, வெளிய சொல்ல முடியாத ஒண்ணை நம்மகிட்ட மட்டும் சொல்ற மாதிரி இருக்காம்.

முதல் அத்தியாயத்தைப் பொறுத்தவரைக்கும் நானும் இவங்க பக்கம்தான். அங்க பேசுறது வானகட்டே. 1945 பிப்ரவரியில பிரிட்டிஷ், அமெரிக்க விமானங்க குண்டு போட்டு ஜெர்மனியோட டிரெஸ்டன் நகரம் எரிஞ்சப்போ போர்க்கைதியா ஒரு கசாப்புக் கூடத்தோட அடித்தளத்துல அடைஞ்சு கிடந்து உயிர் தப்பினவரு, வெளிய வந்ததும் இடிபாட்டுக்குள்ள இருந்து பொணம் தோண்டி எடுக்குற வேலை பாத்தவரு, அதை நாவலா எழுதி முடிக்க இருபது வருஷத்துக்கு மேல திணறி 1969லதான் வெளிய கொண்டு வந்தாரு. நடுராத்திரி குடிச்சுட்டுப் பழைய சிநேகிதங்களுக்கு ஃபோன் போடுற பழக்கத்தையும் அந்த அத்தியாயத்துலயே சொல்றாரு, அதுக்கு ஹாக்கோட குரல் அப்படியே ஒட்டிக்குது.

கதை நாவலோட நாயகன் பில்லி பில்கிரிம்கிட்ட போனதும்தான் பிரச்சனை. இது போரைக் கிண்டல் பண்ற நாவல், வாய்விட்டுச் சிரிக்க வேண்டிய இடம் நிறைய இருக்கு. பட்டினியில நடுங்கிக்கிட்டு வர்ற அமெரிக்கக் கைதிகளை, செஞ்சிலுவைச் சங்கப் பார்சல்ல கொழுத்துப் போயிருக்குற இங்கிலீஷ் ஆபீசருங்க பாட்டுப் பாடி வரவேற்பாங்க பாருங்க, அந்த இடத்தைக் கிசுகிசுன்னு படிச்சா என்ன ஆகும்? சோகமாத்தான் கேக்குது. நாம துக்கப்படணும்னு ஹாக் முன்னாடியே முடிவு பண்ணிட்ட மாதிரி இருக்கு, எங்க சிரிக்கிறது எங்க கலங்குறதுன்னு நமக்கு விட்டு வைக்கவே இல்ல.

ஃப்ராங்கோ மேல வர்ற புகார் இதுக்கு நேர் எதிர். உணர்ச்சியே இல்ல, ஒரே தட்டையா இருக்கு, ஏதோ ஆபீஸ் ரிப்போர்ட் வாசிக்கிறாருன்னு. எனக்கு இதுல உடன்பாடே இல்ல, ஏன்னா தட்டையா இருக்குறது புத்தகத்தோட எழுத்துதான். இதுல சாவு வர்ற இடத்துல எல்லாம் 'ஸோ இட் கோஸ்'னு, அதாவது 'அப்படித்தான் போகுது'ன்னு ஒரு வரி வரும், மொத்தம் நூறு தடவைக்கு மேல. எரிஞ்ச ஊருக்கும் அதே வரி, கைதிங்க உடம்புல இருந்த பேனு செத்ததுக்கும் அதே வரி, கேஸ் போன ஷாம்பெயினுக்கும் அதே வரிதான். கண்ணால படிக்கிறப்போ அதைத் தாண்டிப் போயிடலாம், காது அப்படி விடாது, அதனால நாலு மணி நேரம் கேட்டதுக்கு அப்புறம் 'போதும்டா சாமி'ன்னு நிறைய பேர் கடுப்பாகுறாங்க. அந்தக் கடுப்பு வரணும்னுதான் நான் நினைக்கிறேன், செத்தவங்க கணக்கு நிக்காம வந்துக்கிட்டே இருக்குறது கேக்குறவனுக்கு வலிக்கணும்ல. ஹாக் ஒவ்வொரு தடவையும் அந்த வரியைத் தடவிக் கொடுக்குறாரு. ஃப்ராங்கோ ரேஷன் கடையில பில் போடுற மாதிரி போட்டுட்டு அடுத்த ஆளுக்குப் போயிடுறாரு. எட்கர் டெர்பி, 44 வயசு வாத்தியாரு, இடிபாட்டுல கிடந்த ஒரு டீபாட்டை எடுத்ததுக்காகச் சுடப்படுவாருன்னு புத்தகம் ஆரம்பத்துலயே சொல்லிடும், அந்தச் சாவு கடைசியில ரெண்டு மூணு வரியில வந்து போறப்போ இந்தத் தட்டைக் குரல்ல எனக்கு வயித்துல அடிச்ச மாதிரி இருந்துச்சு.

ஒரு விஷயம் ரெண்டு பதிப்புக்கும் சேர்த்து உறுத்துது. முதல் அத்தியாயத்துல வானகட்டோட போர்க்காலச் சிநேகிதரோட மனைவி மேரி ஓஹேர் அவர் மேல கோவப்படுவாங்க, நீங்க எல்லாம் அப்போ சின்னப் பசங்க, ஆனா புத்தகத்துல பெரிய ஆம்பளைங்க மாதிரி காட்டுவீங்க, சினிமாவுல ஃப்ராங்க் சினாட்ராவும் ஜான் வெய்னும் உங்களா நடிப்பாங்கன்னு. சினாட்ராவுக்கும் வெய்னுக்கும் ஏத்த வேஷமே இதுல இருக்காதுன்னு வானகட் வாக்குக் கொடுக்குறாரு. அப்படி ஒரு புத்தகத்துக்கு ஸ்டார் நடிகர் பேரைப் போட்டு விக்கிறது எனக்குச் சரியாப் படல, யாருக்கும் தெரியாத ஒரு குரல் படிச்சிருக்கலாம்.

இருந்தாலும் கையில இருக்குறது இதுதான், முதல் தடவை கேக்குறவங்க ஃப்ராங்கோவை எடுங்க, வேகத்தைக் கூட்டாதீங்க. படிச்சுப் பழகினவங்களுக்கு ஹாக். அதுல கடைசியில வானகட்டோட பேட்டியும் இருக்கு, 2007ல போயிட்ட மனுஷனோட சொந்தக் குரல், அதுக்காகவே காசு கொடுக்கலாம்.

எதைக் கேட்டாலும், டிரெஸ்டன்ல 1,35,000 பேர் செத்ததா வர்ற இடத்துல கொஞ்சம் உஷாரா இருங்க. அந்தக் காலத்துல டேவிட் இர்விங்ங்கிற பிரிட்டிஷ் எழுத்தாளர் டிரெஸ்டன் அழிவைப் பத்தி எழுதின புத்தகத்துல இருந்து வந்த எண்ணிக்கை அது. அந்த நகரமே அமைச்ச வரலாற்றாளர் குழு 2010ல அதிகபட்சம் 25,000ன்னு முடிவு சொல்லிடுச்சு. ரெண்டு நடிகரும் அச்சுல இருக்குறதை அப்படியேதான் படிக்கிறாங்க, காதுல கேக்குறப்போ அடிக்குறிப்புப் பாக்க வழியும் இல்ல, அதனால அந்த எண்ணிக்கையை எடுத்து அப்படியே வேற எங்கயும் எழுதிடாதீங்க.