சாவி சுழல்வதைப் பார்த்து ஏமாந்தேன்: கிட்டார் நெக் வாங்குவோருக்கு எச்சரிக்கை

4,800 ரூபாய் போய்விட்டது. இதெல்லாம் ஒரு தொகையா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். குன்னூரில் ஒரு கடையில் கணக்கு எழுதிச் சம்பாதிக்கும் எனக்கு அது தொகைதான். நேற்று கோவையிலிருந்து கிட்டார் பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பினேன். பர்லியார் தாண்டி ஏறும்போது வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. அடங்குவதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நெக், அதாவது கிட்டாரில் தந்திகள் ஓடும் நீண்ட மரக் கழுத்து, வாங்க நினைப்பவர்களுக்குச் சில யோசனைகளும் கடைசியில் சொல்கிறேன்.

என் மின் கிட்டார் பழையது, கைமாறி வந்தது. ஆகஸ்டில் பாடகர் குழு அறையில் யாரோ நாற்காலியை இழுக்க, சுவரில் சாய்த்திருந்த கிட்டார் முகங்குப்புற விழுந்து நெக்கின் தலை பிளந்துவிட்டது. உடலுக்கு ஒன்றும் இல்லை. டிசம்பரில் வீடு வீடாகப் போய்ப் பாடும் கிறிஸ்துமஸ் சுற்றுக்கு அது வேண்டும். புதிய கிட்டார் வாங்க வசதி இல்லை. நெக்கை மட்டும் மாற்றலாம் என்று முடிவு செய்தேன்.

அந்த முடிவில் தவறில்லை என்று இப்போதும் சொல்வேன். 1950-இல் லியோ ஃபெண்டர் நெக்கை ஒட்டாமல் நான்கு திருகாணியில் பூட்டி விற்கத் தொடங்கினார். கெட்டால் கழற்றி வேறு ஒன்றைப் பூட்டிக்கொள்ளலாம் என்பது அந்த அமைப்பின் பெரிய வசதி. என் கிட்டாரும் அந்த வகைதான். அளவும் பொதுவான அளவு: நெக்கின் அடிப்பகுதி அகலம் 56 மில்லிமீட்டர். இந்த அளவில் மெருகு ஏற்றாத பச்சை மேப்பிள் மர நெக்குகள் இணையத்தில் மலிவாகவே கிடைக்கின்றன.

நான் வாங்கியது, யார் வேண்டுமானாலும் கடை விரிக்கக்கூடிய ஓர் இணையச் சந்தையில். பெயர் சொல்லப் போவதில்லை. அந்த வகைச் சந்தை எதுவானாலும் கதை இதுதான். விலை 3,450 ரூபாய், கொரியருக்கு 180. ‘மேப்பிள் நெக், ஈட்டி மர ஃபிரெட் போர்டு, ட்ரஸ் ராட் உள்ளது’ என்று போட்டிருந்தது.

தெரியாதவர்களுக்காக: நெக்கின் முகப்பில் விரல் அழுத்தும் பலகைதான் ஃபிரெட் போர்டு, அதில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிகள் ஃபிரெட்டுகள். ட்ரஸ் ராட் என்பது நெக்கின் உள்ளே நீளவாக்கில் புதைத்திருக்கும் எஃகுக் கம்பி. சாதாரண ஆறு தந்திகளைச் சுருதிக்கு முறுக்கினால் ஏறக்குறைய 45 கிலோ இழுவிசை வரும். அது நெக்கை வில் போல முன்பக்கம் வளைக்கப் பார்க்கும். ட்ரஸ் ராட்டை ஆலன் கீ என்னும் அறுகோணச் சாவி கொண்டு இறுக்கினால் எதிர்ப்பக்கம் இழுத்து நேராக்கும். அது வேலை செய்யாத நெக் வெறும் விறகு. 1950-இல் வந்த முதல் சில ஃபெண்டர் கிட்டார்களில் ட்ரஸ் ராட் இல்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் அவர்களே சேர்த்துவிட்டார்கள். அந்த அபூர்வ ரகம் ஒன்று இப்போது என்னிடமும் இருக்கிறது, 4,800 ரூபாய்க்கு.

எனக்கும் சந்தேகம் இருந்தது. ‘ட்ரஸ் ராட் சரியாக வேலை செய்கிறதா?’ என்று விற்பவருக்குச் செய்தி அனுப்பினேன். பத்து நிமிடத்தில் தொலைபேசியில் அழைத்துவிட்டார். இளைஞர், பணிவான குரல். ‘அண்ணா, நானும் வாசிப்பவன்தான். சோதிக்காமல் ஒரு துண்டு மரத்தைக்கூட அனுப்ப மாட்டேன். காணொளி எடுத்து அனுப்புகிறேன், பாருங்கள்’ என்றார். அனுப்பினார். இருபது விநாடி. நெக்கின் தலை தெரிகிறது, ஆலன் கீயை நுழைக்கிறார், இந்தப் பக்கம் ஒரு சுற்று, அந்தப் பக்கம் ஒரு சுற்று. சாவி வழவழவென்று சுழல்கிறது. ‘எவ்வளவு இலகுவாகத் திரும்புகிறது பார்த்தீர்களா?’ என்கிறார். பார்த்தேன். அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். சாவி சுழல்வதைத்தான் பார்த்தேன். மரம் அசைகிறதா என்று பார்க்கவில்லை. பார்க்கவும் முடியாது, ஏனென்றால் படத்தில் தலை மட்டும்தான் இருந்தது. நல்ல ட்ரஸ் ராட் ஓரிடத்துக்கு மேல் கையை எதிர்க்கும். அவ்வளவு இலகுவாகச் சுற்றியதே நோய் என்பது அப்போது உறைக்கவில்லை. ‘நானும் வாசிப்பவன்தான்’ என்ற ஒரு வார்த்தைக்கு மயங்கி அன்று இரவே பணம் கட்டினேன்.

அக்டோபர் நடுவில் பொட்டலம் வந்தது. நெக்கைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். தந்தி இல்லாமல் அம்பு போல நேராகத்தான் இருந்தது. உடனே மெருகு வேலையில் இறங்கிவிட்டேன். பச்சை மேப்பிளை அப்படியே விட்டால் கை அழுக்கும் காற்றின் ஈரமும் ஏறிவிடும், அதிலும் எங்கள் ஊர் ஈரம். 220-ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 320, 400 வரை தேய்த்தேன். நனைந்த துணியால் ஒருமுறை துடைத்தால் மரத்தின் நார் மயிர்க்கூச்செறிந்தது போல நிமிரும். காய்ந்ததும் அதை மறுபடி தேய்த்து எடுக்க வேண்டும். பிறகு அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் கரைத்து, பருத்தித் துணிப் பந்தால் மெல்லிய பூச்சுகள். அரக்கு, ஸ்பிரிட், உப்புத்தாள் எல்லாம் சேர்த்து 620 ரூபாய்.

எச்சரிக்கை மணி அப்போதே அடித்தது. ஃபிரெட் போர்டில் படிந்திருந்த தூசியைத் துடைக்க ஸ்பிரிட் தொட்டு ஓர் இழுப்பு இழுத்தேன். துணி கரிச்சட்டி துடைத்தது போல ஆகிவிட்டது. ஈட்டி மரமும் ஸ்பிரிட் பட்டால் கொஞ்சம் நிறம் விடும், ஆனால் அது செம்பழுப்பு. இது கறுப்பு மை. துடைத்த இடத்தில் வெளிறிய ஏதோ மரம் பல்லிளித்தது. நான் பிறந்தது கூடலூர். எங்கள் மலையில் வளரும் மரம் ஈட்டி. அதை வெட்டாமல் காக்க 1994-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே போட்டார்கள். தாத்தா வீட்டு அலமாரி ஈட்டி மரம். அதன் ரேகையைக் கண்ணை மூடிக்கொண்டு தடவிச் சொல்லுவேன். அப்படிப்பட்டவனிடம் சாயம் பூசிய கட்டையை ஈட்டி என்று விற்றிருக்கிறார்கள். அன்றைக்கே கட்டித் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். ‘3,450 ரூபாய்க்கு இவ்வளவுதான் கிடைக்கும், வாசிக்க நன்றாக இருந்தால் போதும்’ என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தச் சமாதானத்தின் விலையும் 4,800-இல் அடக்கம்.

பிறகு வடகிழக்குப் பருவமழை. குன்னூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊட்டிப் பக்கம் ஜூன், ஜூலையில் கொட்டும் என்றால் எங்கள் பக்கத்துக்கு ஐப்பசி, கார்த்திகைதான். மூன்றாவது பூச்சு போட்டுவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்தேன். மேகம் வீட்டுக்குள்ளேயே வந்தது. காலையில் பார்த்தால் நெக் முழுவதும் பால் தெளித்தது போல வெண்மை பூத்துக் கிடக்கிறது. ஸ்பிரிட் ஆவியாகும்போது குளிர்ந்து, காற்றின் ஈரத்தை இழுத்துப் பூச்சுக்குள் அடைத்துவிடுமாம். தெருமுனை ஆசாரி அண்ணன் சிரித்தார். ‘தம்பி, மேகம் இறங்குகிற நாளில் பாலிஷ் போடலாமா? வெயில் வரும்வரை பொறு. வந்ததும் ஸ்பிரிட்டைத் துணியில் லேசாகக் காட்டித் துடை, பால் தெளிந்துவிடும்’ என்றார். தெளிந்தது. ஆனால் வெயிலுக்காகக் காத்திருந்து, பூசி, காத்திருந்து, பூசி, எல்லாம் முடியப் பத்தொன்பது நாள் ஆகிவிட்டது. திருப்பி அனுப்ப அந்தச் சந்தை தரும் அவகாசம் ஏழு நாள்.

நெக் அழகாக வந்தது, அதை மறைக்க மாட்டேன். தேன் நிறம், கை வழுக்கிக்கொண்டு போனது. நான்கு துளை போட்டு, திருகாணிக்கு மெழுகு தடவிப் பூட்டி, 550 ரூபாய்க்குப் புதுத் தந்தி வாங்கிக் கட்டினேன். சுருதி கூட்டக் கூட்ட நெக் என் கண்முன்னே வளைந்தது. ஒரு தந்தியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் அழுத்திக்கொண்டு நடுவில் பார்த்தால், ஏழாவது ஃபிரெட்டுக்கும் தந்திக்கும் இடையே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவுதான் இடைவெளி இருக்கலாம். என்னுடையதில் ஒரு ரூபாய் நாணயம் எங்கும் தட்டாமல் உள்ளே போய் வெளியே வந்தது. ஆலன் கீயை எடுத்து இறுக்கினேன். காணொளியில் பார்த்த அதே வழவழப்பு. ஒரு சுற்று, இரண்டு சுற்று, ஐந்து சுற்று. நெக் அசையவே இல்லை.

அதற்குப் பிறகு நடந்தவை. விற்பவருக்கு எழுதினேன். முதல் நாள்: ‘பார்த்துவிட்டுச் சொல்கிறேன் அண்ணா.’ மூன்றாம் நாள்: ‘உங்கள் ஊரில் ஈரம் அதிகம் அண்ணா, அதனால் மரம் வளைந்திருக்கும்.’ ஈரத்தால் எஃகுக் கம்பி உள்ளே கழன்றுகொள்ளுமா என்று கேட்டேன். பதில் இல்லை. சந்தையின் உதவிப் பிரிவுக்குப் போனேன். ‘நாங்கள் விற்பவரையும் வாங்குபவரையும் இணைக்கிறோம், அவ்வளவுதான்’ என்றார்கள். மறுபடி போனேன். ‘பொருளின் நிறம் மாறியிருக்கிறது, துளை போடப்பட்டிருக்கிறது, ஏழு நாளும் கடந்துவிட்டது’ என்றார்கள். மெருகு ஏற்றுவதற்கென்றே விற்கும் பொருளை மெருகு ஏற்றியது குற்றம்! மூன்றாவது முறை, ‘பழுது உற்பத்தியிலேயே இருந்தது என்று தொழில் தெரிந்தவரிடம் எழுதி வாங்கி வாருங்கள், பரிசீலிக்கிறோம்’ என்றார்கள். அதை நம்பித்தான் நேற்று வேலைக்கு விடுப்பு போட்டுக் கோவை போனேன்.

அங்கே கிட்டார் பழுது பார்ப்பவர் ஒருவர் சாவியை நுழைத்து அரைச் சுற்றுதான் சுற்றினார். ‘உள்ளே அடியில் கம்பி பிடிப்பு விட்டிருக்கிறது. அல்லது ஆரம்பத்திலிருந்தே பிடிப்பு இல்லை. ஃபிரெட் போர்டைப் பெயர்த்துத்தான் சரிசெய்ய வேண்டும். அந்தக் கூலிக்கு இன்னொரு நெக் வாங்கிவிடலாம்’ என்றார். ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார், காசு வாங்கவில்லை. அதைப் படமெடுத்துப் பஸ் நிலையத்தில் நின்றபடியே அனுப்பினேன். மேட்டுப்பாளையம் வருவதற்குள் பதில் வந்துவிட்டது: புகார் முடித்துவைக்கப்பட்டது, நல்லெண்ண அடிப்படையில் 200 ரூபாய் கூப்பன், 1,500 ரூபாய்க்கு மேல் பொருள் வாங்கினால் செல்லும். விற்பவரை அழைத்தேன். முன்பு பத்தே நிமிடத்தில் தானே அழைத்தவர். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

நெக் 3,450, கொரியர் 180, மெருகுச் சாமான் 620, தந்தி 550. மொத்தம் 4,800. கோவை போய் வந்த செலவையும் ஒருநாள் சம்பளத்தையும் சேர்க்கவில்லை. சேர்த்தால் வயிறு எரியும்.

யோசனைகள் சொல்கிறேன் என்றேன். வேலைக்குக் கிளம்ப வேண்டும், சுருக்கமாகவே சொல்கிறேன். நெக் வந்த அன்றே, உப்புத்தாளைத் தொடுவதற்கு முன், துளை போடுவதற்கு முன், நேரான இரும்பு ஸ்கேல் ஒன்றை ஃபிரெட்டுகள் மேல் நீளவாக்கில் வைத்து, ட்ரஸ் ராட்டைக் கால் சுற்று, அரைச் சுற்று இறுக்குங்கள். ஸ்கேலுக்கு அடியில் தெரியும் வெளிச்சம் மாற வேண்டும். மாறவில்லை என்றால் அன்றே திருப்பி அனுப்புங்கள். அதைக் காணொளியாகவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், முழு நெக்கும் தெரியும்படி. ஃபிரெட் போர்டின் ஓரத்தில் ஸ்பிரிட் துணியால் ஒரு துளி தேய்த்துப் பாருங்கள். அவகாசம் எத்தனை நாள் என்று பணம் கட்டும் முன் படியுங்கள். மழைக் காலத்தில் அரக்கு வேண்டாம்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டேன். புகார் போய்ச் சேர்ந்ததை 48 மணி நேரத்தில் சந்தை உறுதிசெய்ய வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டு மின் வணிக விதிகள் சொல்கின்றன. தீர்க்காவிட்டால் ஊட்டியில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். வாங்கியவர் வசிக்கும் ஊரில் போட 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது, இந்தத் தொகைக்குக் கட்டணமும் இல்லை. போடுவேன். டிசம்பர் சுற்றுக்குப் பக்கத்து வீட்டுத் தம்பியின் சாதாரண மரக் கிட்டாரை இரவல் கேட்டிருக்கிறேன்.

இன்று காலை அந்தப் பக்கத்தை மறுபடி திறந்து பார்த்தேன். அதே நெக், அதே 3,450 ரூபாய், கையிருப்பு நான்கு. இப்போது எனக்கு அனுப்பிய அந்த இருபது விநாடிக் காணொளியையும் விற்பவர் அதில் சேர்த்திருக்கிறார்.