இலவச விபிஎன் போட்டேன், என் இணைப்பை வாடகைக்கு விட்டுவிட்டார்கள்

எனக்கு இணைய இணைப்பு தரும் நிறுவனத்திடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. என் இணைப்பிலிருந்து பல தளங்களில் இரவு பகலாக லாகின் முயற்சிகள் நடக்கின்றன, உடனே நிறுத்தாவிட்டால் இணைப்பைத் துண்டிப்போம் என்று எழுதியிருந்தார்கள். ஏதோ மோசடி மின்னஞ்சல் என்று நினைத்து ஒதுக்கிவிட்டேன். இரண்டு நாள் கழித்து அவர்களே ஃபோன் செய்தபோதுதான் விஷயம் உண்மை என்று புரிந்தது.

அதற்கு மூன்று வாரம் முன்பிருந்தே அறிகுறிகள் இருந்தன. எந்தத் தளத்துக்குப் போனாலும் 'நீங்கள் மனிதர்தானா' என்று கேப்சா கேட்டது. வங்கியின் தளம் இரண்டு முறை உள்ளேயே விடவில்லை. எல்லோரும் தூங்கிய பிறகும் ரூட்டரின் விளக்கு நிற்காமல் மினுக்கிக்கொண்டிருந்தது. இதையெல்லாம் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

வீட்டில் உள்ள கருவிகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தேன். என் லேப்டாப்பை அணைத்ததும் வெளியே போகும் டேட்டா சட்டென்று நின்றது. அதில் நான் புதிதாகப் போட்டிருந்தது ஒன்றே ஒன்றுதான்: ஓர் இலவச விபிஎன், அதாவது நம் இணையப் போக்குவரத்தை மறைத்துத் தன் சர்வர் வழியாக அனுப்பும் மென்பொருள். வேலை நிமித்தம் அடிக்கடி பொது வைஃபை பயன்படுத்துவதால் பாதுகாப்புக்காகப் போட்டது. 'முற்றிலும் இலவசம், லாக் வைப்பதில்லை' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். லாக் என்றால் நாம் இணையத்தில் எங்கே போனோம் என்ற பதிவு. அதன் நிபந்தனைகளை அன்றுதான் முழுதாகப் படித்தேன். எங்கோ நடுவில், கருவி சும்மா இருக்கும் நேரத்தில் அதன் இணைப்பை 'கூட்டாளி நிறுவனங்களுடன்' பகிர்ந்துகொள்வோம் என்று ஒரு வரி. அதாவது, யாரென்றே தெரியாதவர்கள் காசு கொடுத்து என் வீட்டு ஐபி முகவரி (இணையத்தில் ஒரு இணைப்பை அடையாளம் காட்டும் எண்) வழியாக இணையத்தில் உலாவியிருக்கிறார்கள். அவர்கள் செய்ததெல்லாம் நான் செய்ததாகவே பதிவாகியிருக்கிறது.

அந்த நிறுவனத்துக்கு மூன்று மின்னஞ்சல் அனுப்பினேன். வந்தது ஒரே பதில்: நிபந்தனைகளை நீங்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறீர்கள், பகிர்வு வேண்டாமென்றால் கட்டணச் சந்தாவுக்கு மாறுங்கள்.

இது எனக்கு மட்டும் நடந்த அபூர்வ விஷயம் என்றுதான் நினைத்திருந்தேன். தேடிப் பார்த்தால் பழைய கதை. 2015-இல் ஹோலா என்ற சேவை தன் இலவசப் பயனர்களின் இணைப்பை லூமினாட்டி என்ற பெயரில் விற்றுவந்தது வெளியே தெரிந்தது. அந்த வழியாக ஒரு தளத்தின்மீது தாக்குதலும் நடந்திருந்தது. 2024 மே மாதம் அமெரிக்க நீதித்துறை '911 எஸ்5' என்ற வலையமைப்பை முடக்கியது. மாஸ்க் விபிஎன், டியூ விபிஎன், பலாடின் விபிஎன், ஷீல்டு விபிஎன், ஷைன் விபிஎன் போன்ற இலவச மென்பொருட்கள் வழியாக 1 கோடியே 90 லட்சத்துக்கும் மேற்பட்ட ஐபி முகவரிகளைச் சேர்த்து, குற்றவாளிகளுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். நிதி மோசடி, வெடிகுண்டு மிரட்டல் எல்லாம் அந்த அப்பாவி வீடுகளின் முகவரியில் நடந்திருக்கின்றன. இதைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது.

விபிஎன் என்ன செய்கிறது என்பதை நான் சரியாகப் புரிந்துகொண்டிருக்கவில்லை. நம் கருவியிலிருந்து அவர்களுடைய சர்வர் வரை ஒரு மூடிய குழாய் போடுகிறது, அவ்வளவுதான். வைஃபை வைத்திருப்பவரும் இணைய நிறுவனமும் அந்தக் குழாய்க்குள் பார்க்க முடியாது. ஆனால் குழாயின் மறுமுனையில் விபிஎன்காரர் உட்கார்ந்திருக்கிறார். நாம் எந்தத் தளத்துக்கு எப்போது போகிறோம் என்பதை இனி அவரால் பார்க்க முடியும். தகவலைப் பூட்டி அனுப்பும் https தளங்களில் நாம் தட்டச்சு செய்வது அவருக்கும் தெரியாது என்பது ஓர் ஆறுதல். அதனால்தான் ஏதாவது விபிஎன் ஆப், எந்தத் தளத்தை நம்பலாம் என்று கருவிக்குச் சொல்லும் 'ரூட் சான்றிதழ்' ஒன்றை நிறுவச் சொன்னால் அந்த நிமிடமே அதைத் தூக்கிவிட வேண்டும். அதை நிறுவினால் அந்தப் பூட்டின் சாவியையும் நாமே கொடுத்ததாகிவிடும்.

குழாயே போடாதவர்களும் இருக்கிறார்கள். 2016-இல் ஆஸ்திரேலிய அரசின் ஆய்வு அமைப்பான சிஎஸ்ஐஆர்ஓவின் ஆய்வாளர்களும் சேர்ந்து 283 ஆண்ட்ராய்டு விபிஎன் ஆப்களைச் சோதித்தார்கள். அவற்றில் 18 சதவீதம் டேட்டாவைக் குறியாக்கம் செய்யவே இல்லை. பெரிய நிறுவனம் என்றால் பயமில்லை என்றும் சொல்ல முடியாது. ஃபேஸ்புக் 2013-இல் வாங்கிய ஓனாவோவின் விபிஎன் ஆப், 'உங்கள் தகவலைப் பாதுகாக்கிறோம்' என்று சொல்லிக்கொண்டே, மக்கள் எந்த ஆப்பை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்று கணக்கெடுத்தது. அதற்காக 2023-இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

'லாக் வைப்பதில்லை' என்ற வாக்கியத்தை நான் இப்போது நம்புவதில்லை. 2020-இல் ஏழு இலவச விபிஎன் சேவைகளின் பயனர் தகவல்கள், 1.2 டெராபைட் அளவுக்கு, பூட்டில்லாத சர்வரில் கிடந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். லாக் இல்லை என்று விளம்பரம் செய்தவர்கள்தான் அவர்கள் அனைவரும்.

அப்படியானால் யாரை நம்புவது? நிறுவனத்தின் பேச்சை விட, சோதனை வந்தபோது என்ன நடந்தது என்பதைப் பாருங்கள். 2023 ஏப்ரலில் ஸ்வீடன் போலீஸ் மல்வாட் என்ற விபிஎன் நிறுவனத்தின் அலுவலகத்துக்குத் தேடுதல் ஆணையோடு போனது. எடுத்துப் போகப் பயனர் தகவல் எதுவும் இல்லாததால் வெறுங்கையோடு திரும்பியது. கணக்கு தொடங்க மின்னஞ்சல் முகவரிகூட அவர்கள் கேட்பதில்லை, ஓர் எண்ணை மட்டும் தருகிறார்கள். எனக்கு அந்த நிறுவனத்தோடு எந்தத் தொடர்பும் இல்லை, எப்படிப்பட்ட ஆதாரத்தைத் தேட வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். வெளியாட்கள் செய்த தணிக்கை அறிக்கை முழுதாகக் கிடைக்கிறதா, ஆப்பின் கோடு ஓபன் சோர்ஸா (யாரும் படித்துப் பார்க்கும்படி வெளியிட்டிருக்கிறார்களா), உரிமையாளர் யார், எந்த நாட்டில் பதிவு செய்திருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். கடைசிக் கேள்விக்கு விடை கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. 'சிறந்த 10 விபிஎன்' பட்டியல்களை வைத்து முடிவெடுக்காதீர்கள். பல தளங்களுக்கு ஒவ்வொரு சந்தாவுக்கும் கமிஷன் போகிறது. கேப் டெக்னாலஜிஸ் என்ற நிறுவனம் எக்ஸ்பிரஸ் விபிஎன், சைபர்கோஸ்ட், பிரைவேட் இன்டர்நெட் ஆக்சஸ் ஆகியவற்றை வைத்திருக்கிறது. 2021-இல் விபிஎன்களை மதிப்பிட்டு எழுதும் தளங்களை நடத்திய நிறுவனத்தையும் வாங்கியது. மதிப்பெண் போடுபவரும் பரீட்சை எழுதுபவரும் ஒரே வீட்டில் இருந்தால் அந்த மதிப்பெண்ணை எப்படி எடுத்துக்கொள்வது?

ஆப்பை நீக்கினால் மட்டும் போதாது என்பதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நீக்கிய மறுநாளும் டேட்டா போய்க்கொண்டிருந்தது. கணினி தொடங்கும்போது தானாக ஓடும் ஒரு சேவையும் பிரவுசரில் ஒரு எக்ஸ்டென்ஷனும் மிச்சம் இருந்தன. இணையப் போக்குவரத்தை இடையில் வேறொரு கணினி வழியாகத் திருப்பும் ப்ராக்ஸி அமைப்பையும் அந்த ஆப் மாற்றி வைத்திருந்தது. ஃபோனில் என்றால் அமைப்புகளில் விபிஎன் பகுதிக்குப் போய் அந்தப் பதிவையும் அழிக்க வேண்டும். கடைசியில் கணினியை முழுதாக அழித்து மறுபடி நிறுவினேன், எல்லாக் கடவுச்சொற்களையும் வேறு கருவியிலிருந்து மாற்றினேன். இணைய நிறுவனம் புதிய ஐபி முகவரி தந்த பிறகுதான் கேப்சா தொல்லை தீர்ந்தது.

இதையெல்லாம் விட என்னை உறுத்துவது வேறு. அந்த ஆப் நன்றாக இருக்கிறது என்று நானே ஐந்து பேருக்குச் சொல்லியிருந்தேன். தங்கையின் லேப்டாப்பிலும் நான்தான் போட்டுக்கொடுத்தேன். அவளுடையதை அன்றே சுத்தம் செய்தாயிற்று, மற்ற மூன்று பேரும் நீக்கிவிட்டார்கள். ஒரு நண்பர் மட்டும் இன்னும் ஃபோனை எடுக்கவில்லை. இன்று இரவு மறுபடியும் கூப்பிடுவேன்.