இருண்ட மேகத்துக்குள் ஒரு சாளரம்: 2மாஸ் அகச்சிவப்புத் தரவுத்தொகுப்பு

ஓரியன் இடைக்கச்சையின் கிழக்கு முனையில் இருக்கும் அல்நிதாக் விண்மீனை ஒட்டிச் சுடர் நெபுலா இருக்கிறது. சாதாரண ஒளியில் எடுத்த படத்தில் அதன் நடுவே கரியால் தீட்டியது போல ஒரு கறுத்த பட்டை ஓடும். ஸ்ட்ராஸ்பூர்க் வானியல் தரவு மையத்தின் அலாதீன் லைட் என்ற இணைய வான்வரைபடத்தில் அதே இடத்தை 2மாஸ் என்ற அகச்சிவப்பு வானளவீட்டின் படத்துக்கு மாற்றினால், அந்தக் கறுப்புக்குள்ளிருந்து விண்மீன்கள் கூட்டமாக வெளிப்படுகின்றன. சுமார் 1,300 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள என்ஜிசி 2024 என்ற அந்த இளங்கொத்தை முதன்முதலாகப் பார்த்த நாளிலிருந்து, விண்மீன்கள் பிறக்கும் வாயு-தூசுக் கூட்டமான மூலக்கூறு மேகம் எதைப் பற்றிப் படித்தாலும் நான் முதலில் திறப்பது இந்தத் தரவுத்தொகுப்பைத்தான்.

இதற்காக அரிசோனாவிலும் சிலியிலும் நிறுவப்பட்ட இரண்டு 1.3 மீட்டர் தொலைநோக்கிகள் 1997 முதல் 2001 வரை வானம் முழுவதையும் ஜே, ஹெச், கே ஆகிய மூன்று அகச்சிவப்பு அலைநீளப் பட்டைகளில் படம்பிடித்தன. 2003இல் வெளியான முழுப் பட்டியலில் விண்மீன் போலப் புள்ளியாகத் தெரியும் 47 கோடி ஒளிமூலங்கள் இருக்கின்றன. கால்டெக்கின் ஐபேக் மையம் நடத்தும் காப்பகத்திலிருந்து யார் வேண்டுமானாலும் அதைக் கட்டணமின்றிப் பெறலாம்.

இதன் அருமை தூசியின் இயல்போடு சேர்ந்தது. கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பத்து பொலிவெண் (விண்மீனின் பிரகாச அளவு; எண் கூடினால் மங்கல்) அளவுக்கு மங்கச் செய்யும் மேகம், அந்த ஒளியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கை மட்டுமே வெளியே விடுகிறது. அதே மேகம் 2.17 மைக்ரான் அலைநீளமுள்ள கே பட்டையில் ஏறத்தாழ 1.1 பொலிவெண் மட்டுமே மங்கச் செய்வதால், மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான ஒளி நம்மை வந்தடைகிறது. பெரும்பாலான விண்மீன்கள் இப்படிப் புதைந்த கொத்துகளில்தான் பிறக்கின்றன என்ற புரிதல் வலுப்பெற்றதே அகச்சிவப்புக் கருவிகள் வந்த பிறகுதான்.

ஆனால் படத்தில் சிவப்பாகத் தெரிவதெல்லாம் இளம் விண்மீன் அல்ல. மேகத்துக்குப் பின்னால் வெகுதொலைவில் நிற்கும் முதிய செம்பெருமீனும் தூசியால் சிவந்தே தெரியும். ஜே–ஹெச் நிறத்தை, அதாவது அந்த இரு பட்டைகளின் பொலிவெண் வேறுபாட்டை, ஹெச்–கே நிறத்தோடு வரைந்து பார்த்தால், தூசியால் மட்டும் சிவந்தவை ஒரு சாய்ந்த கீற்றுக்குள் அடங்கும். தம்மைச் சுற்றி வெப்பமான தூசுத்தட்டு உடையவற்றில் பல அந்தக் கீற்றுக்கு வலப்புறம் விலகி நிற்கும். இங்கே நான் ஒருமுறை தவறினேன். பட்டியல் ஒவ்வொரு பட்டைக்கும் தர எழுத்து ஒன்றைத் தருகிறது. அதில் 'யூ' இருந்தால் அந்த அளவு வெறும் மேல்வரம்பு, உண்மையில் அளந்தது அல்ல. அதைக் கவனிக்காமல் வரைந்த என் படத்தில் வலப்புறம் நின்ற சில, ஜே பட்டையில் பதிவாகவே இல்லாதவை. மூன்று பட்டைகளிலும் 'ஏ' தரம் பெற்றவற்றை மட்டும் வடிகட்டிக்கொண்ட பிறகே படம் நம்பும்படி அமைந்தது. மேகத்தைச் சேராத விண்மீன்களை நீக்க, அருகிலேயே மேகமற்ற, அதே பரப்புள்ள ஒரு பகுதியையும் எடுத்து எண்ணி, அந்த எண்ணிக்கையைக் கழித்துப் பார்ப்பதும் நல்லது. ஆயினும் மேகம் பின்னணி விண்மீன்களை மறைப்பதைக் கணக்கில் கொள்ளாவிட்டால் கழிப்பு மிகையாகிவிடும்.

குறைகளும் உண்டு. ஒரு படப்புள்ளி 2 வில்விநாடி (ஒரு பாகையில் 1,800இல் ஒரு பங்கு) அகலம். என்ஜிசி 2024இன் தொலைவில் அது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள இடைவெளியைப் போல 800 மடங்கு. ஆகவே நெருங்கிய இரட்டைகள் ஒன்றாகவே பதிவாகின்றன, கொத்தின் நடுவே நெபுலாவின் ஒளியில் மங்கலானவை தொலைந்துபோகின்றன. கே பட்டையில் 14.3 பொலிவெண்ணைவிட மங்கலானவற்றில் நம்பகம் குறைகிறது. மேகத்தின் அடர்ந்த கருவுக்குள் இன்னும் உறையோடு இருக்கும் முகிழ்மீன்களுக்கு (உருவாகிக்கொண்டிருக்கும் விண்மீன்களுக்கு) இந்த மூன்று பட்டைகளும் போதாது, 85 செ.மீ. ஆடியோடு 2003இல் ஏவப்பட்ட ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கியின் 3.6 முதல் 24 மைக்ரான் வரையிலான தரவு அதற்குத் தேவை, அதுவும் அதே காப்பகத்தில் கிடைக்கிறது. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் கூர்மையோடு 2மாஸை ஒப்பிடவே முடியாது. ஆனால் வெப் வானத்தின் மிகச் சிறிய துண்டுகளையே காட்டுகிறது. எந்த மேகத்தைக் கேட்டாலும் 2மாஸில் பதில் இருக்கிறது.

எனக்குள்ள பெரிய மனக்குறை, வானத்தின் பெரும்பகுதியை இது ஒரே ஒரு முறைதான் பார்த்தது என்பதே. இளம் விண்மீன்களின் ஒளி நாளுக்கு நாள் ஏறி இறங்கும், அந்த மாற்றமே அவற்றை அடையாளம் காட்டும் நல்ல குறி. அதைத் தேடுவோர், பால்வழியின் நடுப்பகுதியைக் கே பட்டையில் 2010 முதல் திரும்பத் திரும்பப் படம்பிடித்த விஸ்டா தொலைநோக்கியின் தரவுக்குத்தான் செல்ல வேண்டும்.